எரேமியா 29:11: விசா வராவிட்டால் வசனம் பொய்யாகிவிடுமா?

வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். வருடப்பிறப்பு ஆராதனையில் அவர்கள் குடும்பத்துக்கு வாக்குத்தத்த அட்டையாகக் கிடைத்தது எரேமியா 29:11. அதே மாதம் நடந்த ஒரு கூட்டத்தில், வெளியிலிருந்து வந்த ஊழியர் ஒருவர் கணவரின் தலையில் கை வைத்து, அதே வசனத்தைச் சொல்லி, "இந்த வருடம் முடிய முன்னம் குடும்பமாகப் பறப்பீர்கள்" என்றாராம். இப்போது டிசம்பர். கனடா விண்ணப்பம் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. எப்படியும் போகத்தானே போகிறோம் என்று மகனுக்கு முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் போடவில்லை. வாக்காளர் இடாப்பில் கொழும்பு விலாசத்தைப் பதியவில்லை. கணவருக்கு வந்த நிரந்தர வேலையையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். "வசனம் பொய்யா, எங்கள் விசுவாசம் குறைவா? பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசனத்தை எங்களுக்கென்று எடுக்கலாமா? விசாவுக்காக இனியும் ஜெபிக்கலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, வசனம் பொய்யாகவில்லை. உங்கள் விசுவாசத்தை அளக்க எனக்கு அதிகாரமும் இல்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வசனத்தைக் காட்டி உங்களுக்குச் சொல்லப்பட்டதும், அந்த வசனம் இருக்கிற கடிதம் சொல்வதும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போய், பெட்டி கட்டி வைத்துக் காத்திருந்தவர்களுக்கு, பெட்டியை அவிழுங்கள் என்று எரேமியா தீர்க்கதரிசி அனுப்பிய கடிதம் அது.

அட்டையில் இருப்பது இது: "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இதற்கு ஒரு வரி முன்னால், பத்தாம் வசனத்தில், "பாபிலோனில் எழுபதுவருஷம் முடிந்தபின்பு" உங்களைச் சந்தித்துத் திரும்பக் கொண்டுவருவேன் என்று இருக்கிறது. எழுபது வருடம்! இரண்டையும் சேர்த்து அச்சடித்து வருடப்பிறப்பில் கொடுத்துப் பாருங்கள், பாதிப்பேர் அட்டையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்பார்கள்.

வசன அட்டை எடுக்கும் வழக்கத்தை நான் பழிக்கவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியச் சபையார் 1728 முதல் நாளுக்கு ஒரு வசனம் என்று வைத்திருந்தார்கள். 1731 முதல் அதைப் புத்தகமாக அச்சிடுகிறார்கள். சீட்டுப் போட்டு எடுக்கும் அந்த வசனங்கள் இன்றும் வருடம் தவறாமல் வருகின்றன. நல்ல வழக்கம்தான். ஆனால் வசனம் கைக்கு வந்த அன்றே அந்த அதிகாரத்தைத் திறந்து முழுவதும் வாசித்துவிட வேண்டும். நம்மில் அநேகர் அதைச் செய்வதில்லை. அட்டை நேரே ஃபிரிட்ஜ் கதவுக்குப் போய்விடும்.

சரி, கடிதத்துக்கு வருவோம். கி.மு. 597-இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். இது வேதாகமத்தில் மட்டும் உள்ள செய்தி இல்லை. பாபிலோனியரின் சொந்த நாளாகமக் களிமண் பலகையிலும் எழுதியிருக்கிறது. அந்தப் பலகை இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. யூதாவின் அரசன் யோயாக்கீன், அவன் தாய், பிரபுக்கள், தச்சர், கொல்லர் என்று பத்தாயிரம் பேரைச் சிறைப்பிடித்துப் போனதாக இரண்டாம் இராஜாக்கள் 24-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆலயம் அப்போது இடிக்கப்படவில்லை. அது இன்னும் பத்துப் பதினொரு வருடம் கழித்துத்தான். ஆகவே போனவர்களுக்கும் நம்பிக்கை இருந்தது, ஊரில் நின்றவர்களுக்கும் இருந்தது. இது கொஞ்சக் காலம், சீக்கிரம் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று இரண்டு பக்கமும் நினைத்தார்கள்.

அந்த நினைப்புக்குத் தீனி போட்டவன் அனனியா என்ற தீர்க்கதரிசி. உங்கள் கேள்விக்கான பாதிப் பதில் அவனிடம்தான் இருக்கிறது என்பதால் அவனிடம் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறேன். எரேமியா 28-ஆம் அதிகாரம். கிபியோன் ஊரான். கர்த்தருடைய ஆலயத்திலே, ஆசாரியரும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, பாபிலோன் ராஜாவின் நுகத்தைக் கர்த்தர் முறித்தார் என்கிறான். இரண்டு வருடத்துக்குள் ஆலயப் பாத்திரங்களும் யோயாக்கீனும் சிறைப்பட்டுப் போன எல்லாரும் திரும்பி வருவார்கள் என்கிறான். "சேனைகளின் கர்த்தர் உரைக்கிறார்" என்று எரேமியா எப்படித் தொடங்குவாரோ அப்படியேதான் அவனும் தொடங்குகிறான். பேச்சை வைத்து இரண்டு பேரையும் பிரித்தறிய முடியாது. காலக்கெடு, ஆட்களின் பெயர், பொருட்களின் பட்டியல் எல்லாம் அவனிடம் துல்லியமாக இருந்தன. எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தை எல்லார் முன்னும் கழற்றி உடைத்தும் காட்டினான். சபை எவ்வளவு சந்தோஷப்பட்டிருக்கும்!

எரேமியாவின் முதல் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார். அவருக்கும் ஆசைதான். ஜனங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்று நினைக்கிற கல்நெஞ்சர் இல்லை. ஆனால் அதோடு ஒன்றைச் சேர்க்கிறார்: சமாதானம் என்று முன்னறிவிக்கிற தீர்க்கதரிசியைக் கர்த்தர் அனுப்பினாரா இல்லையா என்பது, அவன் சொன்னது நடக்கும்போதுதான் தெரியவரும். சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விட்டார். அனனியா அந்த வருடமே ஏழாம் மாதத்தில் இறந்துபோனான் என்று அதிகாரம் முடிகிறது.

அடுத்த அதிகாரம்தான் நம் கடிதம். யோயாக்கீனுக்குப் பிறகு எருசலேமில் ஆண்ட சிதேக்கியா அரசன் நேபுகாத்நேச்சாரிடம் அனுப்பிய தூதர் கையில் எரேமியா அதைக் கொடுத்துவிடுகிறார். கடிதத்தின் முதல் விஷயமே வீடு. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், கலியாணம் செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் கலியாணம் செய்து வையுங்கள், அங்கே குறையாமல் பெருகுங்கள். தென்னம்பிள்ளை வைப்பவன் ஆறு மாதத்தில் போகிறவனாக இருக்க மாட்டான், அதே கணக்குத்தான். இதற்கெல்லாம் பிறகு, உங்கள் தீர்க்கதரிசிகளும் குறிகாரரும் உங்களை மோசம்போக்க விடாதிருங்கள் என்ற எச்சரிக்கை வருகிறது. அதற்கும் பிறகுதான் எழுபது வருடமும், நம் அட்டை வசனமும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் கடிதத்தின் பாரம் விளங்கும். பாபிலோன் பாரசீக அரசன் கோரேஸிடம் வீழ்ந்தது கி.மு. 539-இல். சிறைப்பட்டுப் போனபோது முப்பது வயதாக இருந்தவனுக்கு அப்போது எண்பத்தெட்டு வயது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் பாபிலோனிலேயே கண்மூடினார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று சொல்லப்பட்டது. ஊருக்குத் திரும்பாமலே அந்த வசனம் அவர்கள் வாழ்க்கையில் உண்மையாக இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு அதை எழுதி அனுப்பியதில் அர்த்தமே இல்லை. எழுபதை எங்கிருந்து எண்ணுவது என்று பலர் பல கணக்குச் சொல்வார்கள். அந்த விவாதத்துக்குள் போக நான் விரும்பவில்லை. எங்கிருந்து எண்ணினாலும் அது ஒரு மனுஷ ஆயுசு.

அவர்கள் கடிதத்தின்படி நடந்தார்களா? நடந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்குக் களிமண்ணிலேயே சாட்சி உண்டு. தென் ஈராக்கில் யூதர் குடியேறிய, யூதாவின் பெயரையே கொண்ட ஓர் ஊரின் ஆவணப் பலகைகள் கிடைத்திருக்கின்றன. 2014-இல் அவற்றில் நூற்றுக்கு மேற்பட்டவை பதிப்பிக்கப்பட்டன. கி.மு. ஆறாம், ஐந்தாம் நூற்றாண்டுக் கணக்குகள்: குத்தகைக் காணி, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், வரி, கடன். வேறு சில பலகைகளில், யூதாவின் அரசன் யோயாக்கீனுக்கும் அவன் ஐந்து குமாரருக்கும் பாபிலோன் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த பதிவு இருக்கிறது. அவை பெர்லினில் உள்ளன. இரண்டு வருடத்தில் திரும்பி வருவான் என்று அனனியா பெயர் சொல்லி அறிவித்த அதே யோயாக்கீன்! அவன் சிறையிலிருந்து வெளியே வந்ததே முப்பத்தேழாம் வருடத்தில்தான். அப்போதும் எருசலேமுக்கு அல்ல, பாபிலோன் அரசனின் பந்திக்குத்தான் போனான்.

இனி ஏழாம் வசனம். கொழும்பில் இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதைத் தாண்டிப் பதினோராம் வசனத்துக்குப் போவது சரியில்லை என்பது என் கருத்து. "நான் உங்களைச் சிறைப்பட்டுப்போகப்பண்ணின பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காகக் கர்த்தரை விண்ணப்பம்பண்ணுங்கள், அதின் சமாதானத்தில் உங்களுக்குச் சமாதானமிருக்கும்."

இதை இங்கே பிரசங்கிப்பது இலகுவான காரியம் இல்லை. 1983 ஜூலையில் இந்த நகரத்தில் என்ன நடந்தது என்று எங்கள் வீடுகளில் இன்னும் கதைக்கிறார்கள். 2007 ஜூன் 7-ஆம் திகதி விடியற்காலையில், வெள்ளவத்தை, புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பகுதி லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு வெளியேற்றினார்கள். அவர்களில் வெளிநாட்டு அலுவலாக வந்து, உங்களைப் போலவே காத்திருந்தவர்களும் இருந்தார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு அதை நிறுத்தியது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலை, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் பூசையில் நின்றவர்களுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். இந்தப் பட்டணத்தின் சமாதானத்தையா தேடச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியை அவிசுவாசம் என்று தள்ள நான் தயாரில்லை. பாபிலோன் ஆறுகளின் அருகே உட்கார்ந்து அழுத 137-ஆம் சங்கீதமும் இதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. அதன் கடைசி வசனத்தை நாங்கள் ஆராதனையில் வாசிப்பதே இல்லை, அவ்வளவு கசப்பு அதில். கசந்துபோனவர்களுக்குத்தான் இந்தக் கடிதமும் போனது.

பொருத்திப் பார்ப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. யூதாவின் சிறையிருப்பை அவர்களுடைய பாவத்துக்கான தண்டனை என்று சொல்ல எரேமியாவுக்குக் கர்த்தர் வார்த்தை கொடுத்தார். எங்கள் ஜூலையையோ முள்ளிவாய்க்காலையோ அப்படிச் சொல்ல எந்தப் போதகருக்கும் அந்த வார்த்தை கொடுக்கப்படவில்லை. யாராவது சொன்னால் எழுந்து வெளியே போங்கள்.

அப்படியானால் எதை எடுக்கலாம், எதை விட வேண்டும்? எழுபது வருடக் கணக்கும் எருசலேமுக்குத் திரும்புவதும் அந்த ஜனங்களுக்குச் சொல்லப்பட்டது. அது கோரேஸின் நாட்களில் நிறைவேறியது என்று எஸ்றா புத்தகம் தொடங்கும்போதே எழுதியிருக்கிறது. நிறைவேறிய ஒன்றை எடுத்து நம் விசாவில் மறுபடி நிறைவேறச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடிதத்தில் தெரிகிற தேவன் மாறவில்லை. தூரதேசத்தில், அந்நிய அரசனின் கீழ், ஆலயமில்லாத இடத்தில் இருந்தவர்களையும் அவர் கைவிடவில்லை. அவர்கள் செய்யும் ஜெபத்துக்கு அங்கேயே செவிகொடுப்பேன் என்று பன்னிரண்டாம் வசனத்தில் சொல்கிறார். தேவனுடைய வாக்குத்தத்தங்களெல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்றும் ஆமென் என்றும் இருக்கின்றன என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது இந்த வழியாகத்தான் நம்மிடம் வருகிறது. கிறிஸ்துவுக்குள் நமக்கு நிச்சயமாக்கப்பட்ட முடிவு ஒன்று இருக்கிறது. டொரொன்டோவில் இறங்குவது அந்த முடிவு இல்லை. இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அது குறையப் போவதுமில்லை.

இந்த எழுபது வருட வாக்கை வேதாகமத்துக்குள்ளேயே வாசித்து, தன் வாழ்க்கையில் எடுத்த ஒருவர் இருக்கிறார், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன தானியேல். தானியேல் 9-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எரேமியாவின் புஸ்தகத்தில் எழுபது வருடம் என்று கண்டவுடன் அவர் உபவாசித்து, ஜனங்களின் பாவத்தைத் தன் பாவமாக அறிக்கையிட்டு, நகரத்துக்காக மன்றாடுகிறார். எனக்கு எப்போது என்று ஒரு வரி கேட்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் கோரேஸின் மூன்றாம் வருடம். திரும்பிப் போக அனுமதி கிடைத்தாயிற்று, ஒரு கூட்டம் போயும் விட்டது. தானியேல் இன்னும் டைகிரிஸ் ஆற்றங்கரையில்தான் நிற்கிறார். அவர் எருசலேமுக்குப் போனதாக ஓரிடத்திலும் இல்லை.

உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊழியரோடு சண்டைக்குப் போக வேண்டாம், எரேமியாவும் அந்த இடத்தில் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அவர் குறித்த காலம் உங்கள் கண்முன்னே முடியப் போகிறது. வருடம் முடிந்தும் அது நடக்காவிட்டால், நடக்கவில்லை என்று வாய்திறந்து சொல்வது பாவம் இல்லை. உங்கள் விசுவாசம் காணாது, இன்னொரு உபவாசக் கூட்டம், இன்னொரு காணிக்கை என்று தவணை நீட்டப்பட்டால் அங்கே நில்லுங்கள். தீர்க்கதரிசனம் தவறினால் கேட்டவனுடைய விசுவாசத்தைக் குற்றம்சாட்டலாம் என்ற சட்டம் உபாகமம் 18-இல் இல்லை. சொன்னது நடவாமற்போனால் அதைச் சொன்னவன் துணிகரமாய்ச் சொன்னான் என்றுதான் அங்கே இருக்கிறது.

மகனின் பாடசாலை ஜெபத்தால் மட்டும் ஆகிற அலுவல் இல்லை. அரச பாடசாலைக்கு முதலாம் தர விண்ணப்பத்தில், அருகில் வசிப்போர் பிரிவில், வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது என்பதற்குப் புள்ளி உண்டு. இருந்த வருடங்களையெல்லாம் பதியாமல் விட்டதால் அந்தப் புள்ளிகள் உங்களுக்கு இல்லை. அதை இப்போது திருப்ப முடியாது. ஆனால் கிராம சேவகரிடம் போய் அடுத்த திருத்தத்திலாவது பெயர்களைச் சேருங்கள். வீட்டுக்காரரிடம் எழுத்தில் வாடகை ஒப்பந்தம் கேளுங்கள். எந்தப் பாடசாலையில் வெற்றிடம் இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள். பெரிய பெயருள்ள பாடசாலைதான் வேண்டும் என்று நின்றால் பிள்ளை வீட்டில்தான் நிற்கும். கணவர் அந்த வேலை இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கட்டும், கேட்பதில் மானம் போய்விடாது. வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள் என்றது வெள்ளவத்தை வாடகை வீட்டில் இந்த வடிவத்தில்தான் வரும்.

ஏழாம் வசனத்தைக் கைக்கொள்ளவும் பெரிய ஊழியம் எதுவும் தேவையில்லை. நீங்கள் இருக்கும் ஒழுங்கையில் டெங்குச் சிரமதானம் என்றால் ஒரு ஆள் இறங்குங்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாவோடு கதைக்கும் அளவுக்காவது சிங்களம் படியுங்கள், மகனுக்கும் அது உதவும். 2022-இல் எரிவாயு வரிசையில் யார் யாருக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள் என்பது உங்கள் ஒழுங்கைக்குத் தெரிந்திருக்கும். அந்த நட்பு விட்டுப்போயிருந்தால் திரும்பப் பிடியுங்கள். சபையில் நடக்கும் மன்றாட்டிலும் ஒன்றைக் கவனியுங்கள். ஊருக்காக ஜெபிக்கிறோம், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக ஜெபிக்கிறோம். காலையில் எழுந்து நடமாடுகிற இந்தக் கொழும்புக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கிறோமா?

விசாவுக்காக ஜெபிப்பதை நிறுத்த வேண்டாம். விண்ணப்பத்தையும் வாபஸ் வாங்க வேண்டாம். கடிதத்தைப் பெற்றவர்களும் திரும்பிப் போக ஆசைப்பட்டவர்கள்தான். அந்த ஆசையைக் கர்த்தர் குற்றமாகச் சொல்லவில்லை. விசா வந்தால் சந்தோஷமாகப் போங்கள். அங்கேயும் சிலர் ஊருக்குத் திரும்புகிற நாளை எண்ணிக்கொண்டு, வாங்கிய வீட்டிலேயே விருந்தாளிகளைப் போல இருக்கிறார்கள். டொரொன்டோ ஸ்காபரோவிலும் இந்த ஏழாம் வசனம் அதே வசனம்தான். வராவிட்டால் மகன் இங்கே வாசிக்கப் பழகட்டும். இந்த வாரம் நீங்களும் கணவருமாக 28-ஆம் 29-ஆம் அதிகாரங்களை ஒரே இருப்பில் சத்தமாக வாசியுங்கள். வாசித்துவிட்டு, நீங்கள் இருவரும் இந்த வருடம் எடுத்த ஒவ்வொரு முடிவையும் அனனியா சொல்லி எடுத்தீர்களா, எரேமியா சொல்லி எடுத்தீர்களா என்று கதைத்துப் பாருங்கள். அதில் வருகிற கேள்விகளை எழுதுங்கள், அவற்றுக்கும் பதில் எழுதுகிறேன்.